பத்து மாதக் கரும்பில் வாங்கிய பட்டம்

சர்வதேச உறவுகள் படித்தவள் என்று யாராவது என்னை அறிமுகம் செய்து வைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிப்பின் மேல் கோபமில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையின் மேல்தான் கோபம். அந்த விலையைக் கொடுத்திருக்கவே தேவையில்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் எங்களுக்கு. அப்பா கரும்புதான் போடுவார், அதுவும் சர்க்கரை ஆலையில் பதிந்த கரும்பு. பதிந்த கரும்பை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. முற்றிய பிறகு ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கும், அதுவரை காத்திருக்க வேண்டும். மீறி வெளியில் விற்றால் அடுத்த பருவத்துக்குப் பதிவு கிடையாது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

கள்ளக்குறிச்சியில் அரசுக் கல்லூரியில் வரலாறு முடித்த வருடம், அப்பாவும் நானும் ஒரு கல்வி ஆலோசனை நிலையத்தின் மாடிப்படி ஏறினோம். உள்ளே சுழல் நாற்காலி, சுவரில் உலக வரைபடம், டை கட்டிய ஒருவர்.

"பொண்ணு இதப் படிச்சா தூதரகம், ஐ.நா. சபைன்னு போய்க்கினே இருக்கும்ங்க. ஃபீஸுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அவர்.

அப்பா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல நம்ம ஊரு எங்கங்க இருக்குது?"

டை கட்டியவர் பேனாவால் ஓரிடத்தைத் தட்டினார். அது மதுரைக்குப் பக்கம். அதைக் கண்ணால் பார்த்தும் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தவள் நான்.

சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பதினைந்து நாளில் பணம் கட்ட வேண்டும். கரும்புக்கு அப்போது பத்து மாதம். வெட்டு உத்தரவு வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அப்பா ஒரு ராத்திரி யோசித்தார். காலையில் கல்வராயன் மலையடிவாரத்தில் வெல்லம் காய்ச்சுகிறவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். இனிப்பு ஏறாத கரும்பு என்று அந்த ஆள் பாதி விலைக்குத்தான் எடுத்தார். "பொண்ணு படிப்புக்குத்தானே" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம் ஆலையின் கரும்பு அலுவலர் வந்து, வெட்டிய கட்டைகளைப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார். பதிவு போனது. கட்டையைக் கிளறி அப்பா மக்காச்சோளம் போட்டார். திரும்பவும் கரும்பு வைக்கலாம் என்று பார்த்தபோது என் இரண்டாம் வருடக் கட்டணம் வந்து நின்றது. அப்புறம் மரவள்ளிதான், இன்றுவரை.

விடுதியில் முதல் மாதம். என் அறைத் தோழி ஈரோட்டுப் பெண். பேச்சுவாக்கில், "பாண்டிச்சேரி என்ட்ரன்ஸ்ல போச்சு, அதான் இங்க வந்துட்டேன்" என்றாள். என்ன என்ட்ரன்ஸ் என்று கேட்டேன். பாண்டிச்சேரியில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பு, இதே இரண்டு வருடம். ஒரு நுழைவுத் தேர்வு எழுதினால் போதும். நாங்கள் இங்கே ஒரு வருடத்துக்குக் கட்டியதில் அங்கே இரண்டு வருடமும் படித்து, விடுதியில் மூன்று வேளை சாப்பிட்டும் முடித்திருக்கலாம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் போய்விடக்கூடிய ஊர் அது. அவளாவது தேர்வில் தோற்று வந்தாள். நான் தேர்வு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வந்தேன். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

டை கட்டியவர் சொல்லமாட்டார், அவருக்குத் தனியாரில் சேர்த்துவிட்டால்தான் கமிஷன். கள்ளக்குறிச்சியில் மூன்று வருடம் பாடம் நடத்தியவர்களில் ஒருவருக்குக்கூடவா வாய் வரவில்லை? சரி, என்னை என்ன சொல்வது? கல்லூரியில் கணினி அறை இருந்தது. நான் ஒரு தடவை தேடியிருக்கலாம். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். அப்பாவிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

படிப்பு முடிந்தது. டெல்லியில் ஆய்வு நிறுவனங்கள் கூப்பிட்டன, சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வேலை பார்க்க. டெல்லியில் அப்பாவுக்கு வீடு இருக்கிற பிள்ளைகள் சேர்ந்தார்கள். தூதரகத்துக்குப் போவது எப்படி என்று அப்போதுதான் ஒழுங்காக விசாரித்தேன். கலெக்டர் ஆவதற்கு எழுதுகிற அதே தேர்வு. எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். என் கள்ளக்குறிச்சி வரலாறே போதுமாம்!

கடைசியில் சென்னையில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கும் வேலை. பக்கத்து நாற்காலியில் பி.காம். படித்த பையன், எனக்குள்ள அதே சம்பளம். எந்த நாட்டுக்குத் தடை வந்தால் எந்தப் பெட்டி துறைமுகத்தில் நிற்கும் என்று மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மேலாளர் அதற்காக ஒரு தடவை பாராட்டினார். அந்தப் பட்டத்தின் மதிப்பு இதுவரை அந்த ஒரு பாராட்டு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டிலிருந்து சித்தப்பா தன் மகளோடு வந்தார். அவள் கடைசி வருடம் படிக்கிறாள். கையில் அதே பல்கலைக்கழகத்தின் வழவழப்பான புத்தகம், அதே படிப்பு. அதே டை கட்டியவர்தான் கொடுத்திருக்கிறார். இப்போது அவருக்கு ஏசி அறையாம்.

"இந்த மாசமே கட்டுனா ஃபீஸு கம்மின்றாங்க. கரும்புக்கும் பத்து மாசம் ஆவுது. அண்ணன் பண்ண மாதிரி வெல்லத்துக்கு விட்டுடலாம்னு பாக்குறேன்" என்றார் சித்தப்பா.

அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வுடுடா. பொண்ணு படிப்புக்குத்தானே. நம்ம பாப்பா இன்னிக்கு நல்லாத்தானே கீது?" அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் மறைத்துவைத்த தப்பு எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிக்கொண்டிருந்தது.

"வெட்டாதீங்க சித்தப்பா! ஒரு கழிகூட வெட்டாதீங்க!" என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பாண்டிச்சேரியையும் நுழைவுத் தேர்வையும் டெல்லியையும் பி.காம். பையனையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

"அப்ப, படிக்கவே வேணாம்ன்றியாக்கா?" என்றாள் தங்கை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"படி. பரீட்ச எழுதி அங்க போய்ப் படி. கெடைக்கலன்னா வேற படி. இதுக்காகக் கரும்ப வெட்டாத, அவ்ளோதான்."

என் செல்போனில் தேடினோம். விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அவள் பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இது அப்பவே இருந்துச்சா, பாப்பா?"

"இருந்துச்சுப்பா."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"சேர்ந்த மொத மாசமே."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அந்தக் கரும்பு இன்னும் ரெண்டு மாசம் நின்னிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

தங்கை தலையைத் தூக்காமலே கேட்டாள். "அப்பாவோட தொழில்னு கேக்குதுக்கா, இன்னா போடட்டும்?"

"கரும்பு வெவசாயம்னு போடும்மா" என்றார் சித்தப்பா.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, மரவள்ளிக் கொல்லைப் பக்கம் எழுந்து போனார்.