மோரிப்பில் மடித்து வைத்த பெட்டிகள்

சாலைப் பணியில் இருக்கும் என் கணவருக்கு அடிக்கடி இடமாற்றம் வரும். அதனால் காலி அட்டைப் பெட்டிகளை மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பது எங்கள் வழக்கம். மலேசியாவின் மோரிப் கடற்கரைக்கு வந்த பிறகும் அப்படித்தான். சனி, ஞாயிறுகளில் கிள்ளான் நகரத்திலிருந்து கூட்டம் வரும். மற்ற நாள்களில் பேச ஆளில்லை. நான் அடிக்கடி போகும் கடற்கரை வடைக் கடைப் பெண்ணுக்காவது என் முகம் பழகியிருக்கும் என்று நம்பினேன். மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் நான் மட்டும்தான்.

"கிள்ளான்லேர்ந்து இந்த மழையிலயா வந்தீங்க ஆன்டி? கடல்ல இறங்க முடியாது லா!"

"பின்னால இருக்கிற தாமான் குடியிருப்புலதான்மா வீடு."

"அப்படியா? எப்ப வந்தீங்க?"

"போன வருசம்."

வீடு திரும்பியதும் பெட்டிகளைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போனேன்.

"அடுத்த டிரான்ஸ்பர் வந்தா என்ன பண்ணுவே?" என்றார் கணவர்.

"முதல்ல இங்க வந்து சேருவோம்" என்றேன்.