ஹாஜியாருக்கு ஏசி, உம்மாவுக்குக் காற்று

ஏசியைப் பற்றி என் கணவரைப் போல வாய் கிழியப் பேசுகிறவரை நான் கண்டதில்லை. டவுனுக்குள் கண்ணாடியைத் திறந்து ஓட வேண்டும், நீண்ட பாதையில் மூடிவிட்டு ஏசி போட வேண்டும், வெயிலில் நின்ற காரை முதலில் காற்றாட விட வேண்டும் என்று ஃபோனில் வீடியோ பார்த்துப் பாடமாக்கி வைத்திருக்கிறார். ஆனால் எங்களை ஏற்றினால் ஏசி பட்டனில் கை வைக்கவே மாட்டார். கேட்டால் பெற்றோல் விலையைச் சொல்லுவார்.

கல்முனையில் என் உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து திரும்பிய அன்றும் அதே கூத்துதான். தூசு பட்டால் கண் பழுதாகிவிடும் என்று தாதி திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊர் இறக்காமம் வரை போக வேண்டும், அதுவும் அறுவடைக் காலம். இவரோ நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

காரைதீவுச் சந்தியில் எங்கள் பள்ளிவாசல் தலைவர் பஸ்ஸுக்கு நின்றார். கண்டதும் கார் நின்றது.

"ஹாஜியார், ஏறுங்க, ஏறுங்க."

கண்ணாடிகள் ஏறின. ஏசி இரைந்தது. "குளிர் காணுமா ஹாஜியார்? கூட்டட்டா?" என்று வழிந்தார். உம்மாவும் கொஞ்சம் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். சம்மாந்துறையில் வேலை இருக்கிறது என்று ஹாஜியார் இறங்கிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், ஏசி நின்றது, கண்ணாடிகள் இறங்கின.

"உம்மாட கண்ணுக்குத் தூசு படப்போகுது, ஏசியப் போடுங்க. நீங்க காட்டின வீடியோவிலயும் இப்பிடி ரோட்டில மூடத்தானே சொன்னான்?"

"அது ஹைவேக்குப் புள்ள. இது நம்மட ரோட்டு. சும்மா வாற காத்த விட்டுட்டு ஏன் பெற்றோல எரிப்பான்?"

என் பக்கத்துக் கண்ணாடியை நான் ஏற்றினேன். அவர் தன் பக்கத்துப் பட்டனை அமுக்கி அதைத் திரும்ப இறக்கினார். சீ, என்ன மனிதர்!

வயல்வெளி வந்தது. வீதியோரமாக நெல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுணையும் பதரும் காருக்குள் அள்ளிக் கொட்டின. நான் என் ஷோலை எடுத்து உம்மாவின் முகத்தை மூடினேன். உம்மா அதற்குள்ளிருந்தே கேட்டார்.

"மகள், நம்மட வயலடிக்கு வந்திட்டமா? நெல்லு மணக்குது."

"ஓம் மாமி, நல்ல காத்து" என்றார் இவர்.

அது இப்போது எங்கள் வயல் இல்லை. சீதனத்துக்கு ஏசி உள்ள கார்தான் வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றபோது, உம்மா அந்த வயலை விற்றுத்தான் இந்தக் காரை வாங்கிக் கொடுத்தார்.