மூன்றடி தள்ளி நட்ட செம்பருத்தி

வடக்கனந்தலில் புது வீடு கட்டியதும், பக்கத்துக் காலியிடத்தில் தோட்டம் போட இரண்டு ஆப்களை இறக்கிப் பார்த்தேன். ஒன்று, டேப்பால் அளந்து அடிக்கணக்கைப் போடச் சொன்னது. இன்னொன்றில் போனைப் பிடித்துக்கொண்டு இடத்தைச் சுற்றி நடந்தாலே படம் வந்துவிடும். எங்கே என்ன செடி வைக்கலாம் என்றும் அதுவே சொல்லும். அளக்கச் சோம்பல்பட்டு இரண்டாவதை எடுத்தேன். அது காட்டிய எல்லைக்கோட்டில் வரிசையாகச் செம்பருத்தி நட்டேன்.

அடுத்த மனை என் கொழுந்தனாருடையது. நான்காம் நாள் காலை அரிவாளோடு வந்து ஒவ்வொரு செடியாக வெட்டித் தள்ளினார்.

"எங்க எடத்துல இன்னாத்துக்கு அண்ணி செடி வெச்சிக்கினு இருக்கீங்க?"

"போன்லயே கோடு காட்டுது, பாருங்க தம்பி" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"போனு இன்னா சர்வேயரா?"

தட்டிவிட்டார். போன் கல்லில் விழுந்து உடைந்தது. அதைப் பார்த்த என் கணவர் கடப்பாரையோடு ஓடி வந்தார். கொழுந்தனாரும் அரிவாளை ஓங்கினார். குறுக்கே பாய்ந்த என் முன்னங்கையில் அது இறங்கியது. ரத்தத்தைக் கண்ட பிறகுதான் இருவரும் நின்றார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பதினொரு தையல். டாக்டரிடம் கைதவறி நானே வெட்டிக்கொண்டதாகச் சொன்னேன். மறுநாள் மூலையில் குவித்திருந்த தென்னை மட்டைகளை விலக்கியபோது சர்வே கல் தெரிந்தது. செம்பருத்தி வரிசை அதைத் தாண்டி மூன்றடி அவர் மனைக்குள் இருந்தது.

இப்போது டேப் பிடித்து அளந்துதான், புதுப் போனில் அந்த முதல் ஆப்பில் போடுகிறேன். கொழுந்தனார் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் நான் டேப்பை எடுத்தால், மறுமுனையைப் பிடிக்க வந்து நிற்கிறார்.