பேக்கு ஆடியவள்

மல்லாட்டைத் தோல் வியர்வையில் ஒட்டிக்கொண்டால் எப்படி அரிக்கும் என்பதைச் செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் "மல்லாட்டை" என்போம். எங்கள் பெண்கள் பள்ளிக்குச் சொந்தமாக மைதானம் என்று ஒன்று கிடையாது. மல்லாட்டை உடைக்கிற மில்லை ஒட்டிக் கிடந்த பொட்டல்தான் எங்கள் கால்பந்து மைதானம், மில்காரர் வெளியே குவித்துவைத்த தோல்தான் எங்கள் சுண்ணாம்புப் பொடி. சாயங்காலம் மணி அடித்ததும் ஓடிப்போய்க் கூடை கூடையாகத் தோலை அள்ளிவந்து கோடு போடுவோம். போட்டு முடித்து நிமிர்வதற்குள் மலைப் பக்கமிருந்து சூடாக ஒரு காற்று வரும், கோடு ஒரு முழம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். பந்து கோட்டைத் தாண்டியதா, கோடு பந்தைத் தாண்டியதா என்று நாங்கள் போட்ட சண்டை ஆட்டத்தைவிட அதிக நேரம் நடக்கும். விழுந்து எழுந்தால் கழுத்து, முட்டி, தலைமயிர் எல்லாம் தோல். வீட்டுக்குப் போனால், "பள்ளிக்கூடம் போனியா, மில்லுக்குக் கூலிக்குப் போனியா?" என்று அம்மா கேட்பாள்.

ஒன்பதாம் வகுப்பில் பி.டி. டீச்சர் எங்களை ஓடவிட்டுப் பார்த்து இடம் பிரித்தார். வேகமாக ஓடியவர்களுக்கு முன்னால் இடம். நான் கொஞ்சம் குண்டு, ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் எதிரே யார் வந்தாலும் நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சுகுணா, நீ பேக்கு" என்றார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஊரில் "பேக்கு" என்றால் மண்டையில் ஒன்றும் இல்லாத ஆள் என்று அர்த்தம். பின்னால் நின்று கோல் விழாமல் தடுப்பவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று டீச்சர் விளக்குவதற்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் நைனாவிடம் யாரோ போய், "உம் பொண்ண டீச்சரே பேக்குன்னு சொல்லிட்டாங்களாமே" என்று ஏற்றிவிட்டார்கள். அவர் தலையில் கட்டிய துண்டோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, "யாரு எம் பொண்ண பேக்குன்னது?" என்று கத்தியதில் எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினார். வீட்டுக்கு வரும் வழியில், "அப்ப முன்னாடி நிக்கிறவளுக்கு இன்னா பேரு?" என்று கேட்டார். "ஃபார்வேடு" என்றேன். "நீ அதக் கேட்டு வாங்கிக்கோ" என்றார்.

அது கேட்டு வாங்குகிற இடமில்லை. பச்சையம்மாள் இருக்கும்வரை அது பச்சையம்மாளுடையது. வல்லம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். ஒல்லி, சடையை மடித்துக் கட்டியிருப்பாள், பந்து அவள் காலுக்கு வந்துவிட்டால் அதை அவளாகக் கொடுத்தால்தான் உண்டு. எல்லோருக்கும் அவள் "பச்சை". எனக்குப் பக்கத்து பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அப்பா இல்லாத வீடு. களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் அம்மா போய்க் கொண்டுவருவதில் ஓடியது. அவள் அக்கா பத்தாவது முடித்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள், பச்சைக்கும் அதுதான் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கோ மேலே படிக்க ஆசை, ஆட ஆசை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான் இருந்தது: விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். "ஜில்லா ஃபைனலுக்கு செலக்‌ஷன்காரங்க வருவாங்க. அங்க ஒரு தரம் ஆடிக் காட்டுடி, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். இது எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

ஒன்பதாவதில், இடம் பிரித்திருந்தும், நாங்கள் பதினோரு பேரும் பந்து போன பக்கமெல்லாம் கும்பலாக ஓடி, பின்னால் ஆளில்லாமல், கணக்கு வைக்க முடியாத அளவுக்குக் கோல் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தோம். அதனால் பத்தாவதில் எப்படி ஆட வேண்டும் என்று யோசித்துச் சொன்னது டீச்சரில்லை, பச்சைதான். தோல் குவியலின்மேல் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்: "எல்லாரும் முன்னாடி ஓடுனா எவ தடுப்பா? நீங்க அத்தினி பேரும் பின்னாடியே நில்லுங்கடி. நான் ஒருத்தி முன்னாடி நிக்கிறேன். பந்து கெடச்சா எங்கிட்ட தள்ளுங்க. ஒரே ஒரு கோலு போதும்." சொன்னது போலவே நடந்தது. நான் தடுத்து அவளிடம் தள்ளுவேன், அவள் கொண்டுபோய் ஒன்று போடுவாள், மிச்ச நேரமெல்லாம் நாங்கள் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்று சமாளிப்போம். இப்படி ஒற்றைக் கோல்களாகவே ஜெயித்துத் திண்டிவனத்தில் ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

அங்கே நிஜமான சுண்ணாம்புக் கோடு, வலை கட்டிய கோல்போஸ்ட். எதிரணிப் பெண்கள் முட்டிவரை ஸ்டாக்கிங்ஸும் ஆணி வைத்த பூட்ஸும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு வெள்ளை கேன்வாஸ், அதுவும் எல்லோருக்கும் இல்லை. சாமியானாவின் கீழ் தொப்பி போட்ட செலக்‌ஷன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நைனா மண்டியிலிருந்து பத்துப் பதினைந்து ஆட்களை லோடு வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்து உதைத்தேன். பந்து பாதியிலேயே எதிரணிக்காரியிடம் சிக்கி, அவள் திருப்பி அடித்த அடி எங்கள் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கோல் என்றே நினைத்துவிட்டேன். கோட்டுக்கு வெளியிலிருந்து டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார்: "வெளிய தள்ளுடி! எது வந்தாலும் வெளிய தள்ளு!"

அதன்பிறகு நான் எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். பந்து வேலிகாத்தான் முள்ளில் போய் விழும், யாராவது போய் எடுத்துவருவார்கள், திரும்ப வரும், திரும்பத் தள்ளுவேன். முதலில் ஜனங்கள் கேலி செய்தார்கள். "இன்னாடா இது, பந்து ஆடுறாங்களா, வேலி கட்டுறாங்களா?" என்று ஒருவர் கேட்க, மைதானமே சிரித்தது. ஆனால் நேரம் ஆக ஆக, அத்தனை பூட்ஸுக்கும் நாங்கள் அசையவில்லை என்றதும், கூட்டம் மெல்ல எங்கள் பக்கம் சாய்ந்தது. நான் ஒவ்வொரு முறை தடுத்தபோதும் விசில் பறந்தது. "போடு பேக்கு!" என்று முகம் தெரியாத ஆட்களெல்லாம் கத்தினார்கள். "அது எம் பொண்ணு! பேக்கு எம் பொண்ணு!" என்று நைனா லோடு வண்டியின்மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார். அதுவரை என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே இருந்த ஒரு வார்த்தை அன்று எனக்குக் கிரீடமாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் அங்கே பச்சையின் கை உயர்ந்தது. முதலில் உள்ளங்கை தெரிய முழுக் கையும். பிறகு தோள் உயரத்துக்கு. பிறகு இடுப்பருகே விரல்களை மட்டும் அசைத்துப் பார்த்தாள். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி நிமிஷங்களில் எதிரணி மொத்தமும் எங்கள் பக்கம் ஏறி வந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் கோல்கீப்பரும் இன்னொருத்தியும் மட்டும்தான். பந்தை ஒருத்தியிடமிருந்து பிடுங்கிவிட்டேன். என்னை நெருங்க இன்னும் ஆளில்லை, மூச்சு விடவும் நேரம் இருந்தது. "சுகுணா!" என்று பச்சை கூப்பிட்டாள். அவள் குரல் எனக்கு அத்தனை சத்தத்திலும் தெரியும். பார்த்தேன், அவளும் பார்த்தாள், அவளுக்கு முன்னால் வெட்டவெளி. நான் பந்தைப் பக்கவாட்டில் முள்ளுக்குள் உதைத்தேன். கூட்டத்தின் விசில் காதைப் பிளந்தது.

பயத்தில் செய்தேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பயமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்த நொடியில் பந்து அவளிடம் போனால் விசிலும் அவளிடம் போய்விடும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து வயதுக்கு இவ்வளவு தெரியுமா என்று கேட்காதீர்கள், தெரியும். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

கோலே இல்லாமல் ஆட்டம் முடிந்து, ஆளுக்கொரு பெனால்டி என்றார்கள். எங்கள் கோல்கீப்பர் நூர்ஜகான் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். பச்சையைக் கடைசி ஆளாக வைத்திருந்தார் டீச்சர். அவள் முறை வருவதற்கு முன்பே நாங்கள் ஜெயித்துவிட்டோம். கோப்பை கொடுக்க வந்த பெரிய மனிதருக்குத் தமாஷ் பண்ண ஆசை. மைக்கைப் பிடித்து, "அப்ப சாம்பியன், இன்னிக்கு எத்தினி கோல் போட்டீங்க?" என்று கேப்டனான பச்சையிடம் கேட்டார். கூட்டம் சிரித்தது. அவள் மைக்கை எட்டிப் பிடித்து, "ஒண்ணும் போடல சார். ஒண்ணும் வுடவும் இல்ல" என்றாள். சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

செலக்‌ஷன்காரர்களில் ஒருவர் டீச்சரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். டீச்சர் பச்சையின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தி, "சார், நெஜமா ஆடறவ இவதான் சார், இவளப் பாருங்க சார்" என்று கெஞ்சினார். அவர் ஒன்றும் கெட்டவரில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "பொண்ணு பந்தையே தொடலியே டீச்சர். நான் எத வெச்சு எழுதிக்கினு போறது?" பச்சை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் கோப்பை இருந்தது.

திரும்பி வரும்போது லோடு வண்டியில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சை, வண்டி செஞ்சியை நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "ஆஸ்டல்ல சோறு நல்லா இருக்குமாம்டி" என்றாள். பரீட்சை முடிந்த வாரம் அவள் திருப்பூர் போனாள், பள்ளி திறந்ததும் நான் விடுதிக்குப் போனேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. முதல் மாதம் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை, பிறகு இறங்கிவிட்டது. பேக்கு ஆடியே கல்லூரி முடித்தேன், பேக்கு ஆடியே சென்னையில் அரசாங்க வேலையும் வாங்கினேன்.

உலகக் கோப்பை வந்தால் ஆபீசில் நான்தான் நிபுணர். கோப்பை ஜெயிக்க எது முக்கியம் மேடம், அட்டாக்கா டிஃபன்ஸா என்று டீ குடிக்கும்போது கேட்பார்கள். டிஃபன்ஸ்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன், ஆயிரம் உதாரணம் அடுக்குவேன், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். முன்னால் நிற்பவளுக்குப் பந்து பின்னாலிருந்துதான் வர வேண்டும், பின்னால் இருப்பவள் நினைத்தால் முன்னால் ஆளே இல்லாமல் செய்துவிடலாம் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் செஞ்சிக்குப் போயிருந்தேன். மில் இருந்த இடத்தில்தான் இப்போது அந்த மண்டபம் நிற்கிறது. பொட்டல் முழுக்க மனை பிரித்துக் கலர் கல் நட்டு, பாதியில் வீடுகளும் எழும்பிவிட்டன. மிச்சத்தில் கார் நிறுத்துகிறார்கள். தோலும் இல்லை, காற்றில் நகர்கிற கோடும் இல்லை, நாங்கள் எந்தப் பக்கம் கோல் வைத்து ஆடினோம் என்று எனக்கே பிடிபடவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நான் திகைத்து நின்றபோது, "ஏய் சுகுணா!" என்று பச்சை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். திருப்பூரிலிருந்து திரும்பிவந்து வல்லத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறாளாம், வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாராம். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நூர்ஜகானைப் பற்றி, டீச்சரைப் பற்றி, இறந்துபோன என் நைனாவைப் பற்றியெல்லாம் பேசினோம்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்டி," என்றாள். "அன்னிக்கு கடசில நான் உன்னக் கூப்ட்டேன் பாரு, உனக்குக் கேட்டுதா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எங்க கேட்டிருக்கும்? உங்க நைனா ஆளுங்க போட்ட சத்தம் அப்டி," என்று அவளே சொன்னாள்.

"ஆமாண்டி. கேக்கல" என்றேன்.

"எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரருகிட்ட கூட சொல்லுவேன், கேட்டிருந்தா சுகுணா எங்கிட்ட தள்ளியிருப்பான்னு." தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தாள். "தின்னு. உனக்குப் புடிக்குமே."

நான் தின்றேன்.