அம்மாவுக்குத் தெரிந்த ஊர்

அம்மா சாலையைக் கடக்கவே மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறவள். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வெட்டும் மேசைக்கு முன்னால் முப்பது வருஷம் நின்று, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாண்டியாச்சா? தாண்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. அப்பாவுக்கு இது ஓயாத கிண்டல். "உங்கம்மா வாளித் தண்ணியையே எட்ட நின்னுதான் பார்ப்பா" என்பார்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். அங்கே வருஷக் கடைசிக் குலுக்கலில் அவளுக்கு ஒரு சீட்டு விழுந்தது. துறைமுக நகரம் ஒன்றில் இரண்டு பேர் இரண்டு நாள் தங்கலாம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"வேற ஊர் இல்லையா?"

"இலவசமா கிடைச்சதும்மா. உனக்குத் தண்ணி பயம்னா கரைப் பக்கமே போக வேணாம். தெருத் தெருவா சுத்திட்டு வந்துடலாம்."

அம்மா துணியை மூன்றாம் முறையும் மடித்தாள். "சரி, போலாம்" என்று அவள் சொன்னபோது மகளே நம்பவில்லை.

முதல் நாள் காலை. விடுதியை விட்டு இறங்கியதும் மகள் கைபேசியில் வரைபடத்தை விரித்தாள். சரக்குக் கிடங்குகளாக இருந்து இப்போது ஓவியக் கூடங்களாக மாறிவிட்ட ஒரு பகுதியைப் பார்க்க அவளுக்கு ஆசை. இடப் பக்கம் திரும்பச் சொன்னது வரைபடம். மகள் திரும்பினாள்.

"அங்க போனா சுவர்தான் இருக்கும். இப்படி வா" என்றாள் அம்மா.

மகள் சிரித்துவிட்டு நாலடி போனாள். சுவர்தான் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் பழங்கருங்கல் சுவர். திரும்பிப் பார்த்தால் அம்மா அதற்குள் எதிர்ச் சந்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். யார் கையையும் பிடிக்காமல், சுமை வண்டிகளுக்கு நடுவே புகுந்து.

"அம்மா, உனக்கு எப்படி..."

"சும்மா வா."

மீன் ஏலக் கூடத்தின் பின்வாசல், துறைமுகத் தொழிலாளர்களின் நீண்ட ஓட்டு வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டுச் சந்து. அம்மா எங்கேயும் தயங்கவில்லை. ஒரு திருப்பத்தில் மட்டும் நின்று, கண்ணாடி மாளிகை ஒன்றை முறைத்துப் பார்த்து, "இங்க ஒரு தண்ணித்தொட்டி இருக்கணுமே" என்று முணுமுணுத்தாள். மகள் ஓடி வந்து பக்கத்தில் நின்றாள். வயதானவர்களுக்குத் திடீரென்று மூளையில் ஏதாவது ஆகிவிடுமே, அதுவோ என்று கூட நினைத்தாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி குதிரை ஓட்டமாய் ஓடியது.

சந்து முடிந்த இடத்தில் தண்ணீர். கடலோடு சேரும் அகன்ற ஆறு, அதன் கரையில் பயணிகள் படகு வந்து நிற்கும் துறை. அம்மா கண்ணை மூடவில்லை.

துறையோரத்தில் தொப்பியும் குடிநீர் பாட்டிலும் விற்கும் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பழைய தீக்காயத் தழும்பு. வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்தவர், கையிலிருந்த பாட்டிலை நழுவ விட்டார். அது உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

"கேப்டன்!" என்றார். "ஏய்... கேப்டன்தானே நீ?"

மகள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"நான்தான்" என்றாள் அம்மா.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "யாரும்மா கேப்டன்?"

"உங்கம்மாதான் பாப்பா" என்றார் அவர். "இந்தத் துறையில படகு ஓட்டின ஒரே பொம்பளை. நான் கீழ எஞ்சின் பார்ப்பேன், இவ மேல சுக்கான் பிடிப்பா. நாலு வருஷம் ஒரு சின்ன உரசல் கிடையாது."

அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் நின்ற ஒரு கல் கண்ணில் பட்டதும் அதை நோக்கி நடந்தாள். மகளும் ஓடினாள். கல்லில் ஒரு தேதி. நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தையது. கீழே ஏழு பெயர்கள். முதல் பெயரைப் படித்ததும் மகளைத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய அண்ணனின் பெயர். அண்ணன் பிறந்தபோது அப்பா வேறு பெயர் பார்த்து வைத்திருந்தாராம். பெற்ற உடம்போடு அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்து இந்தப் பெயரைத்தான் வைத்தாளாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"யாரும்மா இது?"

"என் தம்பி. உன் மாமா."

"உனக்குக் கூடப் பிறந்தவங்களே இல்லைன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

அம்மா கல்லுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நல்ல பனிமூட்டமாம். கை நீட்டினால் விரல் தெரியாது. படகு எடுக்க மாட்டேன் என்று இவள் மறுத்துவிட்டாள். பயணிகள் கூச்சல் போட்டார்கள். பத்தொன்பது வயதுத் தம்பி, "அக்காவுக்குப் பயம் வந்துடுச்சு, நான் எடுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே ஏறினான். நட்டாற்றில் இரும்புத் தோணி ஒன்றில் போய் மோதினான்.

"எங்கப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். 'நீ ஏறியிருந்தா அவன் பொழைச்சிருப்பான்'னு. நாலாம் நாள் பஸ் ஏறிட்டேன். சித்தி வீட்டுக்குப் போனேன். யார் கேட்டாலும் நான் அங்க இல்லைன்னு சொல்லுன்னு சத்தியம் வாங்கினேன். அப்புறம் உங்கப்பா, கல்யாணம், காலர் மேசை. அவ்வளவுதான்."

மகள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். காலையில் விடுதியில் தன் தலையை வாரிவிட்டவளும் இவளும் ஒரே ஆள்தானா?

முதியவர் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அப்போ உனக்குத் தெரியவே தெரியாதா?" என்றார்.

"என்ன?"

"ரெண்டு மாசம் கழிச்சுப் படகைத் தூக்கினாங்க கேப்டன். சுக்கானைத் திருப்புற சங்கிலி அறுந்து கிடந்துச்சு. மோதி அறுந்தது இல்ல, முன்னாடியே அறுந்தது. மாத்துங்க மாத்துங்கன்னு முதலாளிகிட்ட மூணு தடவை நானே சொல்லியிருக்கேன். விசாரணையில அந்தாளை உள்ள தள்ளினாங்க. பனியும் காரணம் இல்ல, பையனும் காரணம் இல்ல. யார் பிடிச்சிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பாங்க. நீ ஏறியிருந்தா உன் பேரு கல்லுல இருந்திருக்கும்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ரத்தத்தோடு தினமும் பழகுகிற மகளே பதறிப்போய்த் தண்ணீர் எடுத்து நீட்டினாள்.

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும். உன்னைத் தேடாத இடமில்ல. பேப்பர்ல கூட விளம்பரம் போட்டார். பன்னிரண்டு வருஷம் தேடிட்டுப் போய்ச் சேர்ந்தார்."

அழுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அம்மா அழவில்லை. கையை ஓங்கிக் கல்லின் தலையில் பட்டென்று ஓர் அடி அடித்தாள். "நாற்பத்தோரு வருஷம்" என்றாள். "நாற்பத்தோரு வருஷம்டா!" துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரைத் திட்டுகிறாள் என்று யாருக்குத்தான் புரியும்? முதலாளியையா, தன் அப்பாவையா, தம்பியையா, சித்தியிடம் சத்தியம் வாங்கிய தன்னையேவா?

அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அடுத்த படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

ஏறினார்கள். மகள் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். அம்மா ஓட்டுநரின் அறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நடுவில் வந்ததும் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்தாள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள் கேட்கவில்லை. அக்கரை நெருங்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "தம்பி, காத்து இடப் பக்கம் அடிக்குது. வேகத்தைக் குறைச்சு, படகு மூக்கைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டு போ." ஓட்டுநர் முறைத்தார். முறைத்தபடியே படகைக் கொண்டுபோய்த் துறையில் இடித்தார். இரண்டு பேர் தடுமாறி விழப் பார்த்தார்கள். அம்மா மட்டும் காலை ஊன்றி அசையாமல் நின்றாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "என்ன, ஊர் எப்படி இருக்கு?"

"நிறைய மாறிப்போச்சுங்க" என்றாள் அம்மா.

"மாறிப்போச்சா? நீ எப்போ பார்த்தே?"

மகள் கைபேசியை அம்மாவின் வாயருகே நகர்த்தினாள். அம்மா ஜன்னல் வழியே துறையைப் பார்த்தாள்.

"போன்ல சொல்ற விஷயம் இல்லைங்க. நீங்க கிளம்பி வாங்க. பெரியவனையும் கூட்டிட்டு வாங்க. அவனுக்கு ஒருத்தரைக் காட்டணும்."

மறுநாள் மதியம் அப்பாவும் அண்ணனும் வந்து இறங்கினார்கள். அப்பா அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.