ஒரே வாளியில் ஊறிய சட்டைகள்

நேற்று படகு பழுதுபார்க்கும் இடமொன்றைக் கடந்தபோது பைபர் கிளாஸ் பிசினின் இனிப்பான நெடி தொண்டையைப் பிடித்தது. எழுபதுகளில், நாங்கள் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெரிபீ என்ற புறநகருக்குப் போகும் வழியில் அப்பா வேலை செய்த தகரக் கொட்டகையின் நெடி அது. அங்கே இப்போது வரிசையாக வீடுகள்.

அமெரிக்கக் கார்களின் எஞ்சினை மூடும் கனத்த இரும்புப் பொனற்றைக் கழற்றிவிட்டு, பந்தயத்துக்கென்று இலேசான பொனற் வார்ப்பார்கள். அப்பா களிமண்ணில் உருவம் பிடித்து, தேய்த்து, அச்செடுத்து, அதில் கண்ணாடி நாரை விரித்துப் பிசின் ஊற்றி உருட்டிக்கொண்டே இருப்பார். சாப்பாட்டோடு கதிரையில் காத்திருக்கும் என் மடியில் மினுங்கும் தூசி படியும்.

"ஏன் அப்பா பொனற்றுக்கு இவ்வளவு பெரிய வாய்?"

"எஞ்சினுக்குக் காத்து வேணும் பிள்ளை. மூச்சு முட்டினா ஓடாது."

அம்மா ஊர் வழக்கப்படி அவருடைய சட்டையையும் எங்கள் பள்ளிச் சட்டைகளையும் ஒரே வாளியில் ஊறவைப்பா. துணியில் ஏறியது கண்ணாடி என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கழுத்தெல்லாம் அரித்துச் சிவந்தபோது, "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டா. தன் இருமலுக்கும் அப்பா அந்தத் தண்ணீரையே திட்டினார்.

கடைசி மாதங்களில் அவரால் படுக்க முடியவில்லை. யன்னலோரம் கதிரையிலேயே உறங்கினார். ஒரு பின்னேரம், அவர் வார்த்த பொனற்றோடு ஒரு கார் வீதியில் உறுமிக்கொண்டு போனது.

"நல்லாக் காத்து எடுக்குது" என்றார் அப்பா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.