உள்ளே போன வஞ்சிரம்

எங்கள் நைனாவுக்கு யார் நல்லது செய்தாலும் அவர்கள் கையில் ஒரு மீனைத் திணித்தால்தான் மனசு ஆறும். ஊசி போட்ட நர்சம்மா முதல் கரண்டு கம்பம் ஏறிய லைன்மேன் வரை நெட்டுக்குப்பத்தில் யாரும் தப்பியதில்லை. அக்கா ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்து, ஏழு மாதம் வீட்டில் இறால் உரித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம்தான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாகச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் ஒழுங்காகப் பழகினால் சான்றிதழ், அதை வைத்துத்தான் வேலை. நைனா சும்மா இருப்பாரா? பயிற்சி கொடுக்கும் சாருக்கென்று முழு வஞ்சிரம் ஒன்றை ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டார். லஞ்சம் என்று நினைப்பார்கள் என்று அக்கா கெஞ்சியதெல்லாம் காற்றோடு போயிற்று. நைனாவுக்கு எழுதப் படிக்க வராது. அக்காவை விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ் போர்டு படிக்க ஆள் வேண்டுமே என்று நாலாம் வகுப்பு லீவில் இருந்த என்னையும் இழுத்துக்கொண்டார்.

கேட்டில் செக்யூரிட்டி பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வெளி ஆள் உள்ளே போகக் கூடாது, ஆனால் பொருள் போகலாம். நோட்டில் இரண்டே கட்டம்: திரும்பி வரும் பொருள், திரும்பி வராத பொருள். வராத பொருளுக்கு ஆபீஸ் கடிதம் வேண்டுமாம். அதனால் மீனை எடை போட்டு, அக்கா பேரில் ‘வஞ்சிரம், மூன்றரை கிலோ, திரும்பி வரும்’ என்று எழுதிவிட்டார். மீன் உள்ளே போனது. நைனா வெளியே நின்றார்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்தால், எல்லோரும் வெளியே வருகிறார்கள், அக்கா மட்டும் மஞ்சள் ஹெல்மெட்டோடு கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறாள். மீனை வாங்கவே மாட்டேன் என்று சார் சொல்லிவிட்டாராம். அவள் அதைக் கேன்டீனில் கொடுத்துவிட்டாள். மத்தியானம் வறுத்து எல்லோரும் தின்றிருக்கிறார்கள், சார் மட்டும் இரண்டு துண்டு.

“உன் பேர்ல வந்த சாமான் வெளிய போனாத்தான் நீ போவ முடியும்மா. இல்லாங்காட்டி நான் ஆபீசுக்கு எழுதணும். நாளைக்கு உன்ன உள்ள வுட மாட்டாங்க” என்றார் செக்யூரிட்டி. அவரும் ஒரு துண்டு தின்றவர்தான்.

நைனாவின் முகம் செத்துவிட்டது. நாளைக்கு இதைவிடப் பெரிய மீனாகக் கொண்டுவருகிறேன் என்றார். அதையும் நோட்டில் எழுத வேண்டிவரும் என்றார் செக்யூரிட்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மறுபடியும் இறால் உரிக்க உட்கார்ந்தால் அவள் எரிச்சலுக்கெல்லாம் நான்தானே ஆள்.

அக்கா திடீரென்று கேன்டீன் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையிலிருந்த தட்டில் மீன் வாலும் துடுப்பும் எச்சில் முள்ளும் இருந்தன.

“காலைல ஸ்டோர்ல வெல்டிங் ராடு குட்தாங்கண்ணா. எரிஞ்சது போவ மீந்த துண்ட திருப்பிக் குட்தா சரியாப் பூடும்னாங்க. மீனுக்கும் அப்டித்தான். இந்தா கீது துண்டு.”

செக்யூரிட்டி தட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கும் வீடு போக வேண்டும். முள்ளையும் எடை போட்டு எழுதி, அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நைனா செக்யூரிட்டி அறை ஜன்னல் வழியே அந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பி என்னைப் படிக்கச் சொன்னார். நான் ‘வஞ்சிரம், மூன்றரை கிலோ’ என்று ஆரம்பித்தேன்.

“அது வோணாம் கண்ணு. பேர்லேர்ந்து படி.”

அக்காவின் பேரையும், பக்கத்தில் அவளே எழுதியிருந்த ‘வெல்டர் அப்ரெண்டிஸ்’ என்பதையும் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பஸ் போய்விடும் என்று அக்கா கத்தக் கத்த, மூன்றாம் தடவையும் படித்தேன். மீனை வேறு யார் பேரிலோ எழுதிவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம் போல. பஸ்ஸில் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். மீன் அக்கா பேரில்தான் இருக்கிறது, பயப்படாதே நைனா என்று நான் தைரியம் சொன்னேன்.